கணக்காய்வாளரை எப்போது அழைப்பது?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணக்காய்வு புதிதன்று. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி ஆண்டுதோறும் அதனை நடத்துவிப்பது பதிவாளர் கடமை. பழைய மாணவர் சங்கம், சனசமூக நிலையம் போன்றவையோ பெரும்பாலும் தாமே கணக்காய்வாளரைத் தேடிக்கொள்ள வேண்டும். ஐயம் எழுந்தபின் தேடுவதே நம்மவர் வழக்கம்.

கணக்கெழுதுதல் அவர் தொழிலன்று. எழுதிய கணக்கு உண்மை நிலையைக் காட்டுகின்றதா என அபிப்பிராயம் கூறுதலே அவர் கடன். 1896இல் இங்கிலாந்தின் கிங்ஸ்ரன் பருத்தியாலை வழக்கிலே, முகாமையாளர் சரக்கிருப்பை மிகைப்படுத்திக் காட்டியிருந்தும், அவர் சான்றை நம்பிய கணக்காய்வாளர் பொறுப்பாளியல்லர் எனத் தீர்ப்பாயிற்று. அவர் காவல்நாயேயன்றி மோப்பநாயல்லர் என்பது நீதிபதி லோப்ஸ் கூறிய உவமை. இன்றைய நியமங்கள் கடுமையானவை: சரக்கிருப்பு பெரிதாயின், அதனை எண்ணும்போது அவரும் உடனிருத்தல் வேண்டும். ஆண்டு முடிந்தபின் அழைக்கப்பட்டவர் எங்ஙனம் உடனிருப்பார்?

நன்கொடைக்கும் இது பொருந்தும். ஏட்டில் ஏறாத பணத்தை ஏட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தல் எவர்க்கும் அரிது. ஆதலால், விழா நிதிக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சிடுமுன்னரே அவரை அழைத்தல் நன்று. தனாதிகாரி உற்ற நண்பராயினும் கூச்சம் வேண்டா. பழி வராமற் காக்கப்படுபவர் அவரே. எந்த இலக்கப் புத்தகம் யாரிடம் சென்றது என்பதைப் பதிந்து, எழுதப்படாத சீட்டுகளையும் திருப்பிப் பெறுதல் வேண்டும்.