நரம்பெடுத்த பல்லும் ஆனிக் காற்றும்

ரூட் கேனால் செய்த பிறகும் பல் வலித்தால் எல்லோருக்கும் எழும் சந்தேகம் ஒன்றுதான்: நரம்பைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் வலிப்பது எது?

என்னுடையது கீழ்வரிசையில் இடதுபக்கக் கடைவாய்ப் பல். நாகர்கோவிலில் இரண்டு தடவையாக வேலையை முடித்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். மயிலாடி தாண்டி அஞ்சுகிராமம் வந்து சேரும்வரை வாய் மரத்திருந்தது. மரப்பு விட்டதும், மேல்பல் வந்து பட்டாலே உயிர் போனது.

அது ஆனி மாதம். தென்மேற்குக் காற்று வண்டியோடு ஆளையும் சாய்க்கிற காலம். “எதிர்காத்துல பைக்குல போனா வலிக்காம என்ன செய்யும் மக்கா? துண்டைச் சுத்திக் கெட்டு” என்றார் சித்தி. மயினி கிராம்பு எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்தார். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் எந்த நோவு வந்தாலும் பாதிப் பழி காற்றுக்குத்தான்.

ஆனால் இந்த விஷயத்தில் காற்று நிரபராதி. பல் எலும்பில் நேராக ஊன்றி நிற்பதில்லை. வேரைச் சுற்றி, கால் மில்லிமீட்டர்கூட இருக்குமோ இல்லையோ, ஒரு மெல்லிய நார்ப்படலம் இருந்து அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தப் படலத்துக்குத் தனி நரம்பு உண்டு. சோற்றில் ஒரு மணல் கடிபட்டாலும் தெரிவது அதனால்தான். ரூட் கேனாலில் எடுப்பது பல்லுக்குள் இருக்கும் கூழையும் அதன் நரம்பையும் மட்டுமே; வெளிப்படலம் அப்படியே இருக்கும். பழைய கிருமித் தொற்று, உள்ளே ராவிய ஊசி, கழுவப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் எல்லாமாகச் சேர்ந்து வேர்நுனியில் அந்தப் படலத்தைப் புண்ணாக்கியிருக்கும். சூடும் குளிர்ச்சியும் உணரும் சக்தி போய்விட்டது, அழுத்தத்தை உணரும் சக்தி போகவில்லை.

இதிலிருந்தே வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை கிடைக்கிறது. குளிர்ந்த தண்ணீரோ எதிர்காற்றோ பட்டுச் சுரீர் என்றால், வலிப்பது பெரும்பாலும் பக்கத்துப் பல். அல்லது சிகிச்சை செய்த பல்லிலேயே ஒரு வேர்க்கால்வாய் விட்டுப்போயிருக்கலாம். தண்ணீருக்குச் சும்மா இருந்து, விரல்நுனியால் தட்டினால் மட்டும் வலித்தால் அது படலத்தின் புண். எனக்கு இரண்டாவது வகை. கிராம்பு எண்ணெய்க்கும் இங்கே வேலை இல்லை. அதிலுள்ள யூஜினால் உயிருள்ள நரம்பை மரக்கச் செய்யும். நரம்பெடுத்த பல்லில் ஈறைப் பொசுக்குவதுதான் மிச்சம். மயினியிடம் இதை விளக்கியதில் எனக்குத்தான் கெட்ட பெயர்.

படலப் புண்ணை ஆறவிடாமல் செய்வதில் முதல் குற்றவாளி, கொஞ்சம் உயர்ந்து நிற்கும் அடைப்பு. மரத்த வாயோடு கடித்துப் பார்த்து “சரியா இருக்கு டாக்டர்” என்று நாம் சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. மரப்பு தெளிந்தபின் வாயை மெதுவாக மூடிப் பாருங்கள். மற்றப் பற்கள் சேருவதற்கு முன்னால் அந்த ஒரு பல் முட்டினால் தாமதிக்காமல் திரும்பப் போக வேண்டும். எனக்கு நீலத்தாளைக் கடிக்க வைத்து, மை அழுத்தமாகப் பட்ட இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்துவிட்டார் மருத்துவர். சில நிமிட வேலைதான். அன்று ராத்திரி இடதுபக்கமாகச் சாய்ந்து படுக்க முடிந்தது.

மிச்சமிருந்த நோவு மெதுவாகத்தான் போனது, அது இயல்பும்கூட. 2011-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, சிகிச்சை முடிந்து 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு வலி இருந்தது; ஒரு வாரத்தில் அது 11 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே வலி இருக்கிறதா என்பதைவிட, நேற்றைவிட இன்று குறைந்ததா என்று கவனிப்பதே உபயோகம். குறைந்துகொண்டே வந்தால் பொறுக்கலாம். குறைந்த வலி திரும்ப ஏறினால், முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், ஈறில் சீழ்க் கொப்புளம் தெரிந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை விஷயம்: சாப்பாட்டுக்குப் பின் ஐபுபுரூஃபன், தேவைப்பட்டால் கூடவே பாராசிட்டமால் என்று எனக்கு எழுதித் தந்தார்கள். சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் ஐபுபுரூஃபனைக் கேட்காமல் தொடக் கூடாது. மெடிக்கல் ஸ்டோரில் நாமாகக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக், வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வலிக்கு உதவாது.

தின்பண்டத்துக்குத்தான் எனக்குக் கஷ்டம். பயறு போட்ட கஞ்சி, மசித்த மரச்சீனிக் கிழங்கு, மட்டிப்பழம் எல்லாம் சுகமாக இறங்கும். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் உப்பேரியும் கேப் போடும்வரை ஆகாது. குடைந்த கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் நெடுக்காகப் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். வலி போனதும் கேப்பைத் தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. காசு ஒரு காரணம் என்பது புரிகிறது. ஆனாலும் செய்த செலவு அத்தனையும் அங்கேதான் வீணாகிறது.

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும் நண்பர் ஒருவர், உள்ளே என்ன வைத்து அடைக்கிறார்கள் என்று கேட்டார். கட்டாபெர்ச்சா. மலேயா மரப்பால், வேதியியலில் அவர் வெட்டும் ரப்பருக்குக் கூடப்பிறந்தது. 1851-இல் இங்கிலீஷ் கால்வாயின் அடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதுதான் உறை. “அப்போ நம்ம சரக்குதான்” என்று அவருக்குப் பெருமை.

கிராம்பு எண்ணெய் தந்த மயினிக்கே பிறகு மேல்வரிசைக் கடைவாயில் ரூட் கேனால் ஆனது. சில மாதம் நன்றாக இருந்துவிட்டு, மறுபடி மெல்லும்போது நோவு. மேல்கடைவாயில் வலித்தால் சைனஸாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் மூக்கைச் சோதித்தார்கள். கடைசியில் முப்பரிமாண ஸ்கேனில் அகப்பட்டது நாலாவது கால்வாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி ஒன்று ஒளிந்திருக்கும். பிரித்து, சுத்தம்செய்து, திரும்ப அடைத்தார்கள். பழைய எக்ஸ்ரேக்களை அவர் போனில் வைத்திருந்தது அப்போது பெரிய உதவி; எத்தனை கால்வாய் அடைத்தார்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இப்போது அந்தப் பக்கமே உப்பேரி மெல்லுகிறார். வேர்நுனியில் தெரிந்த கறுப்பு நிழல் இன்னும் முழுதாக மறையவில்லை. எலும்பு நிறைய ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், வலியில்லாமல் நிழல் சுருங்கிவந்தால் சரிதான் என்று சொல்லி, ஆறு மாதம் கழித்து அடுத்த எக்ஸ்ரேக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.