புரோக்கர் சொல்லும் வாடகையும் கையில் நிற்கும் வாடகையும்

பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு ஃபிளாட்டை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும்தான் பார்க்கிறார்கள். அதெல்லாம் குடியேறப் போகிறவர் பார்க்க வேண்டியது. முதலீட்டாளருக்கு ஒரே கேள்விதான்: எல்லாம் போக வருடத்துக்கு எவ்வளவு கையில் நிற்கும், அதற்கு இந்த விலை தகுமா?

செய்ய வேண்டியவை

• கணக்கை முழுதாகப் போடுங்கள். 70 லட்சத்துக்கு ஒரு மறுவிற்பனை ஃபிளாட், மாத வாடகை 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "வருஷத்துக்கு 2,40,000 சார், மூன்றரை பர்சென்ட்டுக்குக் கிட்ட" என்பார் புரோக்கர். முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 6.3 லட்சம். புரோக்கருக்கு 1 சதவீதம். பெயின்ட், பிளம்பிங், ஃபேன் என்று ஒன்றரை லட்சம். ஆக, உங்கள் பணம் 78.5 லட்சம். இனி வரவுப் பக்கம். வருடத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடக்கும் என்று வையுங்கள். சொத்து வரி, ரிப்பேர், குடித்தனம் மாறும்போது ஆகும் செலவு எல்லாம் சேர்த்து 31,000 கழியுங்கள். நிற்பது 1,89,000 ரூபாய். அதாவது 2.4 சதவீதம். வங்கி வைப்புநிதியே இதைவிட அதிகம் தரும்.

• விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். குறைந்தது 3 சதவீதமாவது கையில் நிற்க வேண்டும் என்றால், அதே வீட்டுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 63 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. பத்திரச் செலவு, கமிஷன், ரிப்பேர் கழித்தால் விற்பவருக்குத் தரக்கூடியது சுமார் 56 லட்சம். அவர் இறங்கி வராவிட்டால் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஊரில் வேறு ஃபிளாட்டே இல்லையா என்ன?

• யுடிஎஸ் (வீட்டுக்கு உரிய பிரிபடாத மனைப் பங்கு) எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள். கட்டடம் வருடா வருடம் தேயும். விலை ஏறுவது அடியில் இருக்கும் மண்ணுக்குத்தான். 1,000 சதுர அடி வீட்டுக்கு 600 சதுர அடி மனைப் பங்கு உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடமும், 300 சதுர அடி மட்டுமே உள்ள உயரமான புதுக் கட்டடமும் ஒரே வாடகை தரலாம். ஆனால் இரண்டும் ஒரே சொத்து அல்ல. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்ட வழி உண்டு. அன்றைக்குப் பேச்சே மனைப் பங்கை வைத்துத்தான் நடக்கும்.

• வாட்ச்மேனிடம் பேசுங்கள். எந்த பிளாக்கில் வீடுகள் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன, கோடையில் நாளைக்கு எத்தனை லாரித் தண்ணீர் இறங்குகிறது, லிஃப்ட் எத்தனை நாள் நின்றது எல்லாம் அவருக்குத் தெரியும். புரோக்கருக்கும் தெரியும், சொல்ல மாட்டார். 2019 கோடையில் சென்னை பட்ட தண்ணீர்ப் பாட்டை நினைத்துக்கொண்டு, லாரிச் செலவு மெயின்டெனன்ஸில் சேர்ந்திருக்கிறதா, தனியா என்றும் கேட்டுவிடுங்கள். வாடகையும் மெயின்டெனன்ஸும் சேர்ந்த தொகையைத்தான் குடிவருகிறவர் பார்ப்பார். மெயின்டெனன்ஸ் ஏறினால் உங்கள் வாடகைதான் இறங்க வேண்டியிருக்கும்.

• வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் என்றால் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்க் கடைக்காரரிடம் விசாரியுங்கள். ஈபி மீட்டர் பெட்டியை வழக்கத்தைவிட உயரத்தில் ஏற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

• அசோசியேஷன் விதிகளைப் படியுங்கள். ஐடி கம்பெனிகளை நம்பி வாங்கும் வீட்டில் "பேச்சிலர்களுக்கு விடக் கூடாது" என்று தீர்மானம் போட்டிருந்தால், வரக்கூடிய ஆட்களில் பெரும்பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

• மூலப்பத்திரம், முப்பது வருட வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ அனுமதி, வரி ரசீதுகள். இவற்றை நீங்கள் அமர்த்திய வக்கீல் பார்க்கட்டும். விற்பவரின் வக்கீல் பார்த்தது போதாது.

செய்யக்கூடாதவை

• இணையத்தில் போட்டிருக்கும் வாடகையை நம்பாதீர்கள். அது கேட்கும் தொகை. அதே கட்டடத்தில் சமீபத்தில் குடிவந்த இருவர் உண்மையில் கொடுப்பதுதான் வாடகை.

• "இரண்டு வருடம் வாடகை உத்தரவாதம்" என்று பில்டர் சொன்னால் மயங்காதீர்கள். பெரும்பாலும் அந்தப் பணம் விலையில் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும்.

• இஎம்ஐயை வாடகை கட்டிவிடும் என்று எண்ணாதீர்கள். 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் 43,000 ரூபாய்க்கு மேல். மேலே சொன்ன வாடகை அதில் பாதிகூட இல்லை. மீதி உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும், வீடு காலியாக இருக்கும் மாதத்தில் முழு இஎம்ஐயுமே போகும்.

• வருமான வரி மிச்சமாகும் என்பதற்காக வாங்காதீர்கள். வாடகையில் சொத்து வரி போக 30 சதவீதம் கழிவு கிடைக்கும், சரி. ஆனால் கட்டும் மெயின்டெனன்ஸுக்கென்று தனிக் கழிவு கிடையாது. வட்டியால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பதற்குப் பழைய வரித் திட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான் இடம். புதிய திட்டத்தில் அதுவும் இல்லை.

• அட்வான்ஸை வருமானமாக எழுதாதீர்கள், அது கடன். வாடகை வீட்டுச் சட்டம் (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் என்ற சென்னைப் பழக்கத்தை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

• ஆள் குடியிருக்கும் வீட்டை, அவரிடம் பேசாமல் வாங்காதீர்கள். "நல்ல குடித்தனம், அப்படியே தொடரட்டும்" என்று விற்பவர் சொல்வார். அவர் வாங்கி வைத்திருக்கும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் அட்வான்ஸைப் பற்றி வாய் திறக்க மாட்டார். காலி செய்யும் நாளில் குடித்தனக்காரர் வந்து நிற்பது உங்களிடம்தான். ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்கள், வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று குடியிருப்பவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், அந்தத் தொகையைக் கிரயத்தில் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பதிவு முடிந்ததும் உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள்.