புயலுக்கு முன்பே சேர்த்த பொருள்

பவளம் என்றவுடன் நமக்கு மாலையே நினைவில் எழும். கடலடியில் உள்ள பவளப்பாறையோ, சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய இல்லம், கரைக்கும் அரண். புயலில் முறிந்த அதன் கிளைகளை விரைந்து எடுத்து ஒட்டாவிடில், அவை மணலில் புரண்டு மடியும். அதற்குள் நன்கொடை திரட்ட இயலுமா?

மெக்சிகோ நாட்டின் கின்டானா ரூ மாநிலத்தார் முன்னரே பொருள் சேர்த்தனர். 2018இல் அரசும் விடுதி உரிமையாளரும் பிறரும் கூடி அறநிதி நிறுவினர். 2019இல் பாறைக்கே காப்பீடு எடுத்தனர். சேதத்தை அளந்து கொண்டிராமல், காற்றின் வேகம் குறித்த அளவை எட்டினாலே தொகை உண்டு என்பது விதி. நான் மிகவும் வியந்தது இதனையே.

2020 அக்டோபரில் டெல்டா புயல் வீசியது. முன்பே பயிற்சி பெற்றிருந்த மீனவரும் முக்குளிப்போரும் கடலில் இறங்கி, முறிந்த துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டினர். காப்பீட்டுத் தொகையாக 8 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஆனால், காற்று அவ்வேகத்தை எட்டாத புயலில், பாறை உடைந்தாலும் ஒரு காசும் வாராது.