கர்ப்பிணியின் மனநலமும் கைப்பேசிச் செயலியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலைப்பகுதியில், அகத்தியர்கூடத்துக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது போனக்காடு. விதுராவிலிருந்து மலைச்சாலையில் ஏறிச் சென்றால், மூடிக்கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலையும் தொழிலாளர் லயங்களும் தென்படும். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்து வருவோருள் தமிழ்க் குடும்பத்தினரும் உளர். இத்தகைய மலைக்குடியிருப்பில் வாழும் ஒரு கர்ப்பிணிக்குக் கைப்பேசிச் செயலி மனத்துணையாக விளங்க வேண்டுமாயின், அதன் வடிவமைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வளரும் நாடுகளில் கருவுற்ற பெண்களுள் ஏறத்தாழ 15.6 விழுக்காட்டினரும், மகப்பேற்றுக்குப்பின் 19.8 விழுக்காட்டினரும் மனநலக் குறைபாட்டுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, உள்ளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. உறக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற அழுகை ஆகியவற்றை 'மசக்கை' என்று வீட்டார் ஒதுக்கிவிடுவதால், சிகிச்சை தாமதமாகிறது.

இதனைக் கண்டறிய உதவுவது, 1987ஆம் ஆண்டு வெளியான எடின்பரோ அளவுகோல். கடந்த ஏழு நாட்களின் மனநிலை குறித்த பத்து வினாக்களே அதில் உள்ளன. அதன் தமிழ் வடிவம் வேலூர்ப் பகுதியில் ஆய்ந்து சரிபார்க்கப்பட்டுள்ளது. இவ்வினாக்களைச் செயலியில் சேர்ப்பது எளிது; விடைகளுக்குப் பின் என்ன செய்வது என்பதே கடினம். பத்தாவது வினா தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு விடை கிடைத்தால், மொத்த மதிப்பெண்ணுக்குக் காத்திராமல் செயலி உடனடியாக ஒரு மனிதரிடம் இணைக்க வேண்டும். ஏனையோரிடத்தும் 'உமக்கு நோய்' என்று அது தீர்ப்புக் கூறலாகாது. 'மருத்துவரிடமோ செவிலியரிடமோ பேசுங்கள்' என்று வழிகாட்டுவதே முறை.

அடுத்தது, கருவியும் சமிக்ஞையும். வங்கித்துறை இப்பாடத்தை முன்பே கற்றது. இணையம் இல்லாதோர்க்காக *99# சேவையும், சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போர்க்காக 2022இல் யுபிஐ 123பே சேவையும் வந்தன. சுகாதாரத் துறையின் 'கில்காரி' திட்டமும் இவ்வழியிலேயே, கர்ப்ப காலம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறைவுறும் வரை 72 குரல்செய்திகளைத் தொலைபேசி அழைப்பாக அனுப்புகிறது. மனநலச் செயலியும் சமிக்ஞை கிடைக்கும்போது குரற்பதிவுகளைச் சேமித்து வைத்து, பின்னர் இணையமின்றி இயங்க வேண்டும்.

மூன்றாவது, மொழி. மாநிலத்தைக் கொண்டு மொழியைத் தீர்மானிக்கும் செயலி, போனக்காட்டுத் தமிழ்ப் பெண்ணிடம் மலையாளத்திலேயே பேசும். மனத்துயரைத் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்ல இயலும். ஆதலின் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயனாளிக்கே உரியது.

நான்காவது, மறைகாப்பு. பல இல்லங்களில் ஒரே கைப்பேசியைக் கணவர், மாமியார், பிள்ளைகள் அனைவரும் பயன்படுத்துகின்றனர். 'உங்கள் மனச்சோர்வுச் சோதனைக்கு நேரமாயிற்று' என்ற அறிவிப்பு திரையில் தோன்றினால், அப்பெண் மறுமுறை உண்மையைப் பதியமாட்டாள். தனிக் கடவுச்சொல்லும், பொருள் வெளிப்படாத அறிவிப்பும், பதிவுகளை அழிக்கும் வசதியும் இன்றியமையாதவை. தனிப்பட்ட தகவலைப் பயன்படுத்த அளித்த இசைவைத் திரும்பப் பெறும் உரிமையை, 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வழங்குகிறது.

இத்தகைய செயலியைப் பதிவிறக்கும் முன் வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியவை:

* அதனை வெளியிட்ட நிறுவனம் எது என்பது தெளிவாக உள்ளதா?
* தொடர்பு எண்கள், புகைப்படங்கள் ஆகியவற்றுக்குத் தேவையின்றி அனுமதி கோருகிறதா?
* வங்கிக் கணக்கு விவரமோ ஓடிபி எண்ணோ கேட்கிறதா? கேட்டால் உடனே நீக்கிவிடுங்கள். மகப்பேறு உதவித்தொகை பெற்றுத் தருவதாகக் கூறினும் ஓடிபியைப் பகிராதீர்கள்.
* நெருக்கடியில் பேசுவதற்கு மனிதர் ஒருவரின் தொடர்பு எண் உள்ளதா?

நடுவண் அரசின் 'டெலி மானஸ்' சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்கி வருகிறது. 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, 24 மணி நேரமும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பேசலாம். 2024இல் இதற்கெனச் செயலியும் வெளியாயிற்று. எனினும் இந்த எண்ணை அழைப்பதற்குச் செயலி தேவையில்லை; சாதாரணக் கைப்பேசியே போதும்.

இரு வாரங்களுக்கு மேலும் சோர்வு நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவர் வெளிப்படுத்தினால், தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். உங்கள் இல்லத்தில் கர்ப்பிணி எவரேனும் இருப்பின், அவருடைய தாய் சேய் நல அட்டையின் முதற்பக்கத்தில் 14416 என்ற எண்ணை இன்றே எழுதி வையுங்கள்.