செய்திக்கும் ஓர் அச்சு வேண்டும்

ஊராட்சியின் கடமைகளுள் உரிய காலத்தில் செய்தி சொல்வதும் ஒன்றாகும். குடிநீர் வராத நாள், தடுப்பூசி முகாம், கிராம சபைக் கூட்டம், வரி செலுத்தக் கடைசித் தேதி ஆகிய யாவும் மக்கள் செவிக்கு எட்டவேண்டும். முன்னாளில் இப்பணியைத் தண்டோரா செய்துவந்தது. 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்' என்னும் தொடக்கம் மாறாது. நாளும் இடமும் காரியமும் மட்டுமே மாறும். மனித மாண்பைக் கருதித் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அம்முறையை நிறுத்தச் செய்தது. ஆயினும், மாறாத சொற்களை முன்னரே அமைத்துக்கொண்டு மாறுவதை மட்டும் அவ்வப்போது சேர்க்கும் வழி இன்றைக்கும் ஏற்றதே. செங்கல் அறுப்பவர் கல்லுக்கொரு புதிய அச்சு செய்வதில்லை அல்லவா?

அவசர வேளையும் ஆயத்தமும்

புதுச்சேரியின் ரெட்டியார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூன் 11 அன்று அங்குள்ள புதுநகரில், புதைசாக்கடை வழியே வீட்டுக் கழிவறைக்குள் நச்சுவாயு வெளிப்பட்டு மூவர் உயிரிழந்தனர். சுற்றுப்புறத்தில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய வேளையில் ஆபத்து எந்தத் தெருவில், செய்யலாகாதது எது, செல்ல வேண்டிய இடம் எது, யாரை அழைப்பது என்ற நான்கும் சில நிமிடங்களில் வீடுதோறும் தெரியவேண்டும். பதற்றத்தில் வாக்கியம் அமைக்க உட்கார்ந்தால் ஏதேனும் ஒன்று விடுபட்டுப்போகும். அமைதியான நாளில் எழுதி வைத்திருந்தாலோ, தெருவின் பெயரையும் பிற விவரங்களையும் நிரப்பினால் போதும்.

முன்னேற்பாட்டின் பயனைப் புதுச்சேரி வட்டாரம் கண்டறிந்துள்ளது. ரெட்டியார்பாளையம் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையில் உள்ள வில்லியனூரை மையமாகக் கொண்டு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. கடற்கரையூரான வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டுவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு கிராமத்தார் தங்கள் நிலைய ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊரார் கரையைவிட்டு அகன்று உயிர் தப்பினர். கருவியும், அதனைக் கேட்டுப் பழகிய செவியும் முன்பே ஆயத்தமாக இருந்தன.

கருவி செய்யும் வேலை

இன்று 'லோ-கோட்' என வழங்கும் கருவிகள் உள்ளன. கணினி மொழியில் தேர்ச்சி இல்லாதவரும் திரையில் கட்டங்களை வரிசைப்படுத்தி இவற்றைக்கொண்டு வேலை வாங்கலாம். அலுவலக எழுத்தர் அட்டவணையில் தெரு, நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், காரணம் ஆகியவற்றை நிரப்புகிறார். புதிய வரி சேர்ந்ததும் கருவி அச்சை எடுத்து, இடைவெளிகளை நிரப்பி, அத்தெருவாரின் கைபேசிகளுக்கு அனுப்பிவிடுகிறது. அச்சு இவ்வாறு இருக்கலாம்:

"[தெரு] பகுதியில் [நாள்] அன்று [நேரம்] முதல் [நேரம்] வரை குடிநீர் வராது. காரணம்: [காரணம்]. முன்கூட்டியே நீர் பிடித்து வைக்கவும். விவரத்திற்கு: [அலுவலக எண்]."

அச்சை ஓரிடத்தில் மட்டுமே வைத்து, எல்லா வேலைகளும் அதனையே எடுத்தாளுமாறு அமைப்பது அவசியம். வேலைக்கு ஒரு படியாக ஒட்டிவைத்தால், அலுவலக எண் மாறும் நாளில் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடுவோம்.

கவனிக்க வேண்டியவை

1. இடைவெளியோடு வேற்றுமை உருபை ஒட்டலாகாது. '[தெரு]வில்' என அமைத்தால் 'காந்தி வீதிவில்' என்று பிழையாக வரும். 'பகுதியில்' போன்ற சொல்லைப் பின்னே நிறுத்தினால் எப்பெயரும் பொருந்தும்.

2. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். தமிழில் 70 குறியீடுகளே அடங்கும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படும். 'தண்ணீர்' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து; கணக்கில் 7. மேற்கண்ட அச்சே ஒரு செய்தியில் அடங்காது, செலவு கூடும். ஆகவே சுருங்கச் சொல்லப் பழகுவோம்.

3. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவோர், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அச்சைப் பதிவு செய்யவேண்டும். 2021 மார்ச்சில் பதிவான அச்சோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தபோது, வங்கிகளின் கடவுச்சொல் செய்திகளும் தடைப்பட்டன. அச்சோதனையை ஏழு நாள் நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆகவே ஆபத்துக்கால அச்சுகளைப் பதிவுசெய்து, ஒருமுறை அனுப்பியும் பார்த்துவிட வேண்டும்.

4. குடிநீர்ச் செய்தியைக் கருவியிடம் விடலாம். ஆபத்துச் செய்தியோ பொறுப்புள்ள ஒருவர் படித்து இசைந்த பின்னரே செல்லவேண்டும். ஒரு கட்டம் காலியாயினும் கருவி நின்றுவிடுமாறு அமைக்கவேண்டும்.

5. எழுத்தறியாதோரும் கைபேசி இல்லாதோரும் ஊரில் உண்டு. அதே வாசகத்தை ஒலிபெருக்கியில் வாசிப்பதும் வீடு சென்று சொல்வதும் தொடரவேண்டும்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் ஊருக்கு அடிக்கடி வேண்டிய ஐந்து செய்திகளையும், என்றேனும் வரக்கூடிய இரண்டு ஆபத்துச் செய்திகளையும் தேர்ந்தெடுத்து எழுதுவோமாக. விவசாயிகளும் தாய்மார்களும் அவற்றை வாசித்துக் கேட்கட்டும். விளங்காத சொல்லை அங்கேயே மாற்றிவிடுவோம். கருவியைப் பின்னர் அமைத்துக்கொள்ளலாம். சொற்கள் இன்றே ஆயத்தமாகட்டும்.