தக்காளிப் பழம் சீராய்ப் பழுக்காமை: காரணமும் நிவர்த்தியும்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய கடலோர ஊர்களில் வீட்டுக்கொல்லையில் பயிராகும் தக்காளி, பங்குனி சித்திரையில் அடிப்பாகம் சிவந்தும் காம்புப்பக்கம் மஞ்சளாயும் நின்றுவிடுவதுண்டு. இது ஆலைப்புகையால் விளைந்த கேடென்று கருதிச் செடிகளைப் பிடுங்கி எறிவோரும், மருந்து தெளித்துப் பணத்தை விரயஞ் செய்வோரும் உளர். அவ்விதஞ் செய்யுமுன் செடியை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

புகை: கந்தக வாயு தாக்கினால் அதன் குறி முதலில் இலையிற் காணும், நரம்புகள் பச்சையாயிருக்க, இடைப்பட்ட பாகம் வெளுத்துக் கருகும். இலை செழிப்பாயிருந்து பழத்தின் தோள் மட்டும் மஞ்சளித்தால், பெரும்பாலும் வெப்பமே காரணமாகும்.

வெப்பம்: பழத்திற்குச் சிவப்பளிக்கும் லைக்கோபீன் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரையில் நன்கு உண்டாகும். 30 டிகிரிக்கு மேல் அது தடைப்பட்டு, மஞ்சள் நிறப்பொருளே மேலோங்கும். வெயில் நேரே படும் தோள்பாகம் அதிகமாய்ச் சூடேறுகிறபடியால் குறையும் அங்கேயே தோன்றுகிறது. ஆனால் பி.கே.எம். 1 ரகத்துக் காயின் தோள் பச்சையாயிருப்பது அதன் இயல்பு, நோயன்று.

உப்புநீர்: மீஞ்சூர்ப் பக்கத்தில் நிலத்தடி நீரை மிகுதியாய் இறைத்ததனால் கடல்நீர் உட்புகுந்தமை 1969-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. கரிப்பு நீரிலுள்ள சோடியம், சாம்பல் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் வேர் ஏற்பதற்கு இடையூறு செய்யும். முன்னது குறைந்தால் தோள் மஞ்சளிக்கும்; பின்னது குறைந்தால் பழத்தின் அடி கறுத்துக் குழியும்.

நச்சுநோய்: பழத்தில் வட்ட வளையங்களும், தளிரிற் கருகலும் சேர்ந்து காணின், அது இலைப்பேன் பரப்பும் நச்சுநோயாயிருக்கலாம். அத்தகைய செடியை மட்டும் பிடுங்கிப் புதைத்துவிடவேண்டும்.

நிவர்த்தி:

1. ஐப்பசியில் நாற்றுவிட்டு, கார்த்திகையில் மேட்டுப்பாத்தியில் நடுக. தை இறுதியிலும் மாசியிலும் பழம் நன்கு சிவக்கும்.

2. பழத்தை மூடி நிற்கும் இலைகளைக் கிள்ளலாகாது. கோடையில் நடுப்பகலுக்குமேல் தென்னங்கீற்று நிழல் தருக.

3. கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து, தேவையாயின் சல்பேட் வடிவிலுள்ள பொட்டாஷ் உரம் இடுக; குளோரைடு வடிவம் உப்பை மிகுவிக்கும். நிலக்கரிச் சாம்பலை எருவாகக் கொள்ளலாகாது.

4. மழைநீரைச் சேமித்து, விட்டுவிட்டுப் பாய்ச்சாமல் ஒரே அளவாய்ப் பாய்ச்சுக. வைக்கோல் மூடாக்கு இடுக.

5. கோடைப்பழத்தை, அடியில் நிறம் திரும்பியவுடன் பறித்து, வீட்டின் குளிர்ந்த அறையில் வைக்கோல்மேற் பரப்பிப் பழுக்கவிடுக.

மஞ்சள் தோளுள்ள பழம் உண்ணத் தக்கதே. கடினமான பாகத்தை அரிந்து நீக்கினாற் போதும்.

பல கொல்லைகளில் ஒரே நாளில் இலைகள் கருகினால் அது வெப்பத்தின் வேலையன்று. கிராம அதிகாரிகள் நாளையும் காற்றின் திசையையும் குறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தாமதமின்றி அறிவித்தல் நலம்.