அங்கே கழிந்தது, இங்கே வரவில்லை

கேள்வி: எங்கள் வீட்டுத் தறியில் நெய்த பட்டுச்சேலையை வாங்க வந்தவர், கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் அனுப்பினார். அவர் கணக்கில் உடனே கழிந்துவிட்டது. எனக்கு மறுநாள்தான் வந்தது. இரண்டு வங்கியும் ஒரே நொடியில் எழுதிக்கொண்டால் என்ன?
– நெசவாளர், ஓரிக்கை, காஞ்சிபுரம்

பதில்: கணினி அறிஞர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வியை ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள்!

பணம் நடுவழியில் எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யுபிஐயில் பணம் பார்சல் போலப் பயணம் செய்வதில்லை. இரண்டு வங்கிகளின் கணக்கேடுகள் மாறுகின்றன, அவ்வளவுதான். வாங்குபவரின் வங்கி பற்று எழுதும். பிறகு என்பிசிஐ (சில்லறைப் பணப்பரிமாற்றங்களை நடத்தும் தேசிய நிறுவனம்) வழியாக உங்கள் வங்கிக்கு ‘வரவு எழுது’ என்று செய்தி போகும்.

உங்கள் வங்கி பதில் சொல்லவில்லை என்று வையுங்கள். வரவே எழுதப்படாமல் இருக்கலாம். எழுதி முடித்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எது நடந்தது என்று தெரியாது. அவசரப்பட்டு வாங்கியவருக்குத் திருப்பிவிட்டால், ஒரே பணம் இரண்டு பேரிடமும் இருக்கக்கூடும்.

நீங்கள் கேட்டபடி சேர்ந்தே எழுதவும் வழி உண்டு. இரு கணக்குகளையும் முதலில் பூட்டி, இரு வங்கிகளும் ‘தயார்’ என்ற பிறகு எழுதலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்தால் பூட்டு திறக்காது. வாங்கியவரால் பஸ் டிக்கெட்கூட எடுக்க முடியாது. உங்கள் கணக்கில் அடுத்த சேலைக்கான பணமும் ஏறாது.

கணினியின் வேகத்தைக் கூட்டினாலும் இந்தச் சங்கடம் தீராது. 2000-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த எரிக் புரூவர் இதை ஊகமாக முன்வைத்தார். 2002-இல் எம்ஐடியின் சேத் கில்பர்ட், நான்சி லிஞ்ச் இருவரும் நிரூபித்தார்கள். சிஏபி தேற்றம் என்று பெயர். இணைப்பு அறுந்திருக்கும்போது ஒத்திசைவு (எங்கே கேட்டாலும் ஒரே கணக்கு), கிடைப்புநிலை (கேட்டால் பதில் உண்டு) ஆகிய இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. இணைப்பு சீராக இருந்தால் இந்தச் சங்கடமே இல்லை; மற்ற நாட்களில் உங்களுக்கு நொடியில் பணம் வருவது அதனால்தான்.

யுபிஐ கணக்குகளைப் பூட்டுவதில்லை. ஏடுகள் சற்று நேரம் பொருந்தாமல் இருந்தாலும் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற பக்கம் நிற்கிறது. அதுவே நல்லது என்பது என் கருத்து, காத்திருப்புக்கு ஓர் எல்லை இருக்கும்வரை. அந்த எல்லையை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்தது: தனிநபருக்கு அனுப்பியது வரவாகாவிட்டால் மறுநாளுக்குள், வியாபாரிக்கு என்றால் 5 நாட்களுக்குள் திருப்பவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

மறுபடி இப்படி நேர்ந்தால், இன்னொருமுறை அனுப்பச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் வங்கிகள் விட்டுப்போனதைத் தேடிச் சரிசெய்கின்றன. இரண்டாவதாக அனுப்புவது புது எண், புதுப் பணம். முதலாவதும் பின்னால் வந்து சேர்ந்தால், திருப்பிக் கொடுக்கும் வேலை உங்களுடையதாகிவிடும்.